கற்களிடம் ஒரு கருத்துக்கணிப்பு

ஹைதராபாத்தை நடுவில் வைத்து வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். மேற்கே எழுபது கிலோ மீட்டர் போனால் விகாராபாத். மூசி நதி புறப்படும் அனந்தகிரி குன்றுகளில் செம்புரைக் கல்லுக்குக் கீழே இருப்பது சுமார் 6.6 கோடி வருடங்களுக்கு முன் ஓடி உறைந்த எரிமலைக் குழம்பு. தெற்கே நாலு மணி நேரப் பயணத்தில் கத்வால். பட்டுக்கரை வைத்த பருத்திச் சேலைக்குப் பேர் போன ஊர். கிருஷ்ணாவுக்கும் துங்கபத்திராவுக்கும் நடுவில் உள்ள அந்தப் பக்கத்திலும் எரிமலைப் பாறை உண்டு. ஆனால் அதன் வயது 250 கோடி வருடங்களுக்கு மேல். இன்னும் தெற்கே, ஒரு இரவு பஸ் பயண தூரத்தில் கடப்பா வட்டாரம். அங்கே பூமிக்குள்ளிருந்து கிளம்பி வந்த கரிய பாறைகளின் வயது ஏறக்குறைய 189 கோடி.

மூன்று ஊர், மூன்று ஊழி. கையில் எடுத்துப் பார்த்தால் மூன்றும் கறுப்பாகவோ கரும்பச்சையாகவோ இருக்கும் சாதாரணக் கற்கள். அவற்றைப் பொடித்து, எதில் எவ்வளவு மக்னீசியம், எவ்வளவு நிக்கல், எவ்வளவு டைட்டானியம் என்று அளந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பூமி இந்த 250 கோடி வருடங்களில் எப்படி மாறியிருக்கிறது என்று தெரிந்துவிடுமா? தெரியும் என்கிறது ஒரு கட்சி. தெரியும்தான், ஆனால் நீங்கள் நினைப்பது தெரியாது என்கிறது இன்னொரு கட்சி. இந்தச் சண்டையில் ஹைதராபாத்துக்கு ஒரு நேரடிப் பங்கு இருப்பதால் இந்த வாரம் கல்லைப் பற்றி எழுதுகிறேன். அரசியல் வாசகர்கள் மன்னிக்கவும். அவர்களுக்கும் கொஞ்சம் இருக்கிறது, கடைசியில் இது கருத்துக்கணிப்பு சமாச்சாரம்தான்.

முதலில் வார்த்தைப் பிரச்னையைத் தீர்த்துவிடலாம். நாம் கோயில் கட்டுகிற, அம்மி கொத்துகிற கருங்கல் எரிமலைப் பாறை இல்லை. தமிழ்நாட்டுக் கருங்கல்லில் பெரும்பகுதி கிரானைட், நைஸ், சார்னோகைட் வகையறா. சார்னோகைட் என்ற பெயரே வேடிக்கையானது. கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னோக்கின் கல்லறையில் பதித்திருந்த கல் சென்னைப் பரங்கிமலைப் பக்கத்துக் கல்லின் ஜாதி என்று கண்ட தாமஸ் ஹாலண்ட், 1893இல் அதற்குச் சூட்டிய பெயர். எரிமலைக் குழம்பு மேலே வந்து உறைந்த கல்லின் பெயர் பசால்ட். அதற்கும் 'கருங்கல்' என்றே சில அகராதிகள் பொருள் தருகின்றன. அதை நம்பி மொழிபெயர்த்தால் மகாபலிபுரம் எரிமலையில் செதுக்கியதாக ஆகிவிடும். எனவே இங்கே பசால்ட் பசால்ட்டாகவே இருக்கட்டும். காலப் பெரும்பிரிவுகளுக்கு மட்டும் 'ஊழி' என்ற நம் பழைய சொல்லை எடுத்துக்கொள்கிறேன். அதைவிடப் பொருத்தமான சொல் இன்னொரு மொழியில் கிடைப்பது சந்தேகம்.

பசால்ட் எப்படிப் பிறக்கிறது? நம் காலடியில் மேலோட்டுக்குக் கீழே இருக்கும் மாண்டில் என்ற பகுதி திடமான பாறைதான். சூடு அதிகமானாலோ, அழுத்தம் குறைந்தாலோ, தண்ணீர் கலந்தாலோ அதில் ஒரு பகுதி மட்டும் உருகுகிறது. முழுக்க உருகுவதில்லை, இதுதான் முக்கியம். ஃபில்டர் காபியை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் டிகாஷனில் சாரமெல்லாம் இறங்கிவிடும். இன்னும் இன்னும் வெந்நீர் ஊற்றினால் அளவு கூடும், திக்காக இருக்காது. அதுபோல மாண்டில் கொஞ்சமாக உருகும்போது பொட்டாசியம் மாதிரி ஓடிப்போகத் துடிக்கும் தனிமங்கள் முதலில் குழம்பில் சேர்ந்துகொள்கின்றன. நிறைய உருகினால் அவை நீர்த்துப்போகின்றன. மக்னீசியமும் நிக்கலும் நேர் எதிர். அவை பாறையை விட்டு வர மனமில்லாதவை. சூடு மிக அதிகமாகி, மாண்டில் பெருமளவு உருகினால்தான் குழம்பில் கூடும்.

ஆக, ஒரு பசால்ட்டின் மக்னீசியம், நிக்கல் அளவு அது பிறந்தபோது கீழே அடுப்பு எப்படி எரிந்தது என்பதற்குச் சாட்சி. இதன் உச்சக்கட்ட உதாரணம் கொமாட்டியைட். தென்னாப்பிரிக்காவின் கொமாட்டி நதிக்கரையில் விலியோன் சகோதரர்கள் 1969இல் அடையாளம் காட்டிய எரிமலைப் பாறை. மக்னீசியம் ஆக்சைடு 18 சதவிகிதத்துக்கு மேல். இன்றைய ஹவாய்த் தீவில் வழியும் குழம்பின் சூடு சுமார் 1,200 டிகிரி செல்ஷியஸ் என்றால், கொமாட்டியைட் 1,600 டிகிரியை எட்டியிருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். கர்நாடகத்தில் ஹொளேநரசிபுரம், கட்டிஹொசஹள்ளி பக்கங்களில் இந்த வகை உண்டு. இப்போது எங்கேயும் இப்படி ஒரு குழம்பு வெளியே வருவதில்லை. அந்தக் காலத்துப் பூமி இன்றையதைவிடச் சூடானது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

வேண்டும். ஏனென்றால் கொமாட்டியைட் அபூர்வமான ஒன்று. ஊரில் ஒரு ஏழடி மனிதர் இருந்தார் என்பதை வைத்து அந்தக் காலத்தில் எல்லோரும் உயரமானவர்கள் என்று சொல்ல முடியாது. சராசரி என்ன என்று கேட்க வேண்டும். சராசரி கேட்க ஆரம்பித்ததும் கருத்துக்கணிப்பின் தலைவலிகள் எல்லாம் வந்து சேர்கின்றன.

கல் எல்லா இடத்திலும் சமமாக எடுக்கப்படுவதில்லை. ரோடு இருக்கும் இடத்தில், சுரங்கம் இருக்கும் இடத்தில், நல்ல பல்கலைக்கழகம் இருக்கும் இடத்தில் சுத்தியல் அதிகம் விழுகிறது. ஒரே மலையில் ஒருவர் தன் டாக்டர் பட்டத்துக்காக 300 கற்கள் எடுத்திருப்பார். அதே அளவு இன்னொரு பிரதேசத்துக்கு மூன்று கற்கள்தான் சாட்சி. அப்படியே கூட்டி வகுத்தால் வருவது பூமியின் சராசரி இல்லை, பட்டமேற்படிப்பின் சராசரி. தெருமுனையில் நின்று நூறு பேரைக் கேட்டுவிட்டு நாடே இப்படி நினைக்கிறது என்று எழுதும் நிருபர்களை நமக்குத் தெரியும்.

2012இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் பிரெனின் கெல்லர், பிளேர் ஷோன் இருவரும் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரை இந்தத் தலைவலியை நேரடியாக எதிர்கொண்டது. கண்டங்களின் எரிமலைப் பாறைகளும் ஆழத்தில் உறைந்த பாறைகளுமாகச் சுமார் 70,000 மாதிரிகளின் ரசாயன அளவுகளை அவர்கள் திரட்டினார்கள். பிறகு ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு எடை கொடுத்தார்கள். சுற்றிலும், அதே வயதில், நிறையக் கூட்டாளிகள் உள்ள கல்லுக்குக் குறைந்த எடை. தன்னந்தனியாக நிற்கும் கல்லுக்கு அதிக எடை. அதன்பின் கம்ப்யூட்டரை விட்டு இந்தக் கூட்டத்திலிருந்து மறுபடி மறுபடி சீட்டு எடுக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும், வயதிலும் அளவிலும் இருக்கக்கூடிய தவறை வேண்டுமென்றே கலந்து. ஆயிரக்கணக்கான தடவை செய்தால் சராசரி எவ்வளவு ஆடுகிறது என்பது கைக்கு வரும். இந்தச் சீட்டுக் குலுக்கல் முறையை 1979இல் புள்ளியியலுக்குக் கொண்டு வந்தவர் ஸ்டான்ஃபோர்டின் பிராட்லி எஃப்ரான். பெயர் பூட்ஸ்ட்ராப். சொந்தக் காலணி வாரைப் பிடித்துத் தன்னையே தூக்கிக்கொள்வது என்ற பொருளில் வைத்தது. 'தன்கையே தனக்குதவி' என்று சொல்லலாம் போலிருக்கிறது.

கிடைத்த பதில் இரண்டு பகுதி கொண்டது. ஒன்று, எதிர்பார்த்ததுதான். பழைய பசால்ட்டிலிருந்து புதிய பசால்ட்டுக்கு வர வர மக்னீசியமும் நிக்கலும் நிதானமாகக் குறைகின்றன. பூமி ஆறிக்கொண்டு வருகிறது. இரண்டாவது எதிர்பாராதது. இந்த நிதானமான சரிவின் நடுவே, சுமார் 250 கோடி வருடத்துக்கு முன், ஒரு படிக்கட்டு. அந்த இடத்தில் பல தனிமங்களின் அளவு சட்டென்று மாறுகிறது. பசால்ட்டில் மட்டும் இல்லை. கிரானைட் ரகப் பாறைகளிலும் சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் உள்ள விகிதம், அருமண் தனிமங்களின் வரிசை எல்லாம் அதே இடத்தில் படி இறங்குகின்றன. ஆர்க்கியன் ஊழி முடிந்து அடுத்த ஊழி தொடங்குவதாகப் புவியியல்காரர்கள் கோடு போட்டிருப்பதும் இதே 250 கோடியில்தான். காற்றில் ஆக்சிஜன் சேர ஆரம்பித்ததும் அதற்குக் கொஞ்சம் பின்னால். ஆழத்தில் நடந்த மாற்றத்துக்கும் காற்றில் நடந்த மாற்றத்துக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று அவர்கள் எழுதினார்கள். இருக்கலாம் என்பதோடு நிறுத்திக்கொண்டது நல்லது.

இங்கே ஹைதராபாத்வாசிகள் காலடியைப் பார்க்க வேண்டும். கோல்கொண்டா கோட்டை உட்கார்ந்திருக்கும் பாறை, மௌலா அலி குன்று, பஞ்சாரா ஹில்ஸில் வீடு கட்டுவதற்காக வெடி வைத்துத் தீர்த்த உருண்டைப் பாறைகள் எல்லாம் ஏறக்குறைய 250 கோடி வருடத்துக் கிரானைட். நகரமே அந்தப் படிக்கட்டின் மேல் கட்டப்பட்டிருக்கிறது.

இதுவரை சண்டை இல்லை. மொத்தமாகப் பார்க்கும்போது, சராசரிகளின் போக்கு என்ற அளவில், இந்த மாதிரி ஒப்பீடு நம்பத் தகுந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. சண்டை வருவது தனித்தனிக் கல்லை நிறுத்தி, "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்கும்போது.

உப்பல் ரோட்டில் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1961இல் தொடங்கியது. அதன் முதல் டைரக்டர் ஒரு தஞ்சாவூர் ஜில்லாக்காரர், மகாராஜபுரம் சீதாராமன் கிருஷ்ணன். அதற்கு முன்பே, 1951இல், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறைக்கு முதல் இந்தியத் தலைவராக வந்தவர். 1943இல் அவர் எழுதிய இந்தியா, பர்மாவின் புவியியல் பற்றிய புத்தகத்தைப் படிக்காமல் இந்த நாட்டில் பல தலைமுறைகள் புவியியல் பட்டம் வாங்கியதில்லை. இதைத் தமிழ்நாட்டில் எத்தனை பேர் அறிவார்கள் என்று கேட்டு வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள இது இடமில்லை.

அந்த நிலையத்தைச் சேர்ந்த சி.மாணிக்யாம்பா, எஸ்.எம்.நக்வி ஆகியோரும் சக விஞ்ஞானிகளும் 2005இல் கத்வால் பாறைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கத்வாலில் பசால்ட்டோடு சேர்ந்து போனினைட் இருக்கிறது என்பது அதன் சாரம். போனினைட் என்பது ஜப்பானுக்குத் தெற்கே உள்ள போனின் தீவுகளின் பெயரால் வழங்கும் எரிமலைப் பாறை. அதன் ரசாயன ஜாதகம் விசித்திரமானது. சிலிகா 52 சதவிகிதத்துக்கு மேல், மக்னீசியம் ஆக்சைடு 8க்கு மேல், டைட்டானியம் ஆக்சைடு அரை சதவிகிதத்துக்கும் கீழே. பொதுவாக சிலிகா ஏறினால் மக்னீசியம் இறங்கும். இரண்டும் சேர்ந்து ஏறுவது அபூர்வம். ஏற்கனவே ஒருமுறை உருகிச் சாரம் இழந்த மாண்டிலில் தண்ணீர் கலந்து மறுபடி உருகினால்தான் இது நடக்கும் என்பது இன்றைய புரிதல். தண்ணீர் எங்கிருந்து வரும்? ஒரு கடல் தட்டு இன்னொன்றுக்குக் கீழே சரிந்து அமிழும்போது தன்னோடு இழுத்துப்போவதுதான். ஆக, கத்வாலில் போனினைட் இருந்தால், 250 கோடி வருடங்களுக்கு முன்பே தட்டுகள் நகர்ந்தன, அமிழ்ந்தன, இன்றைய பசிபிக் ஓரத்தில் நடப்பது அன்றைய தெலங்கானாவில் நடந்தது என்றாகிறது.

சின்ன விஷயம் இல்லை. நமக்குத் தெரிந்த கிரகங்களில் தட்டுகள் இப்படி நகர்ந்துகொண்டே இருப்பது பூமியில் மட்டும்தான். மலை, கடல், பூகம்பம், தாதுவளம் எல்லாம் அதன் விளைவு. அது எப்போது தொடங்கியது என்பதுதான் கேள்வி. அதே 2005இல் அமெரிக்காவின் ராபர்ட் ஸ்டெர்ன், தட்டுகள் இன்றைய பாணியில் அமிழத் தொடங்கியதே சுமார் 100 கோடி வருடத்துக்கு இப்புறம்தான் என்று வாதிட்டார். அவர் நம்பியது ரசாயனத்தை அல்ல. மிகுந்த அழுத்தத்தில் மட்டும் பிறக்கும் சில பாறை வகைகள் பழைய ஊழிகளில் காணோமே என்ற வெறுமையை. ஒரே வருடம், இரண்டு முடிவு, நடுவில் 150 கோடி வருட வித்தியாசம்.

கத்வால் வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடிய கேள்வி எளிமையானது. முகம் ஒன்றாக இருப்பதால் தாயும் ஒன்றா? சூடான கொமாட்டியைட் குழம்பு மேலே வரும் வழியில் பழைய கண்டத்துப் பாறையைக் கொஞ்சம் கரைத்துக் குடித்துவிட்டால், சிலிகாவும் மக்னீசியமும் சேர்ந்து உயர்ந்த ஒரு கலவை கிடைக்கும். அமிழும் தட்டும் வேண்டாம், கடல் தண்ணீரும் வேண்டாம். உலகின் வேறு பழைய பாறைகளில் இப்படி நடந்திருப்பதாகக் காட்டியிருக்கிறார்கள். ஹைதராபாத் விஞ்ஞானிகளுக்கு இது தெரியாததல்ல. அதனால்தான் அவர்கள் சிலிகாவோடு நிற்காமல், சுலபத்தில் இடம் பெயராத டைட்டானியம், சிர்கோனியம், நியோபியம், அருமண் தனிமங்கள் என்று அடுக்கிக்கொண்டு போய் ஒப்பிட்டார்கள். 250 கோடி வருடம் மண்ணுக்குள் அழுந்தி வெந்த பாறையில் சோடியமும் பொட்டாசியமும் எங்கெங்கோ போய்விட்டிருக்கும். அவற்றின் சாட்சியம் கோர்ட்டில் நிற்காது.

இந்த ஒப்பீட்டு முறைக்கே ஒரு வரலாறு உண்டு. 1973இல் பியர்ஸ், கான் என்ற இருவர், டைட்டானியம், சிர்கோனியம், யிட்ரியம் மூன்றையும் ஒரு முக்கோணத்தில் புள்ளியாக வைத்தால், பசால்ட் எந்த மாதிரி இடத்தில் பிறந்தது என்று சொல்லிவிடலாம் என்று காட்டினார்கள். கடல் நடுவிலா, தீவு வரிசையிலா, தட்டின் உட்பகுதியிலா என்று. அதற்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரை அப்படியே பெயர்த்தால் 'பாகுபாட்டு வரைபடம்' என்று வரும். மண்டல் கமிஷன் காலத்தில் பத்திரிகைக்கு வந்த என்னைப் போன்றவர்களுக்கு வேறு நினைப்பு வந்துவிடும். 'இனங்காட்டி' என்று வைத்துக்கொள்ளலாம். முப்பது நாற்பது வருடம் இந்த இனங்காட்டிகள் ஜாதகக் கட்டங்கள் போலப் புழங்கின. பிறகு, உலகெங்கும் வெளியான பாறை அளவுகளைச் சேர்த்து வைக்கும் பெரிய தகவல் களஞ்சியங்கள் வந்தன. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் தொடங்கி இப்போது கோட்டிங்கனில் இயங்கும் ஜியோராக் அவற்றில் ஒன்று. 2015இல் ஒரு குழு, எங்கே பிறந்தது என்று சந்தேகமில்லாமல் தெரிந்த இளம் பசால்ட்களின் அளவுகளை இந்தக் களஞ்சியங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் எடுத்து அதே இனங்காட்டிகளில் போட்டுப் பார்த்தது. புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. வீட்டு விலாசம் தெரிந்த இன்றைய கல்லையே சரியாக இனங்காட்டாத கட்டம், விலாசம் தொலைந்த 250 கோடி வருடத்துக் கல்லுக்கு என்ன சொல்லிவிடும்?

இதில் ஒரு பழைய கணக்குப் பொறியும் இருக்கிறது. கல்லின் ரசாயனம் சதவிகிதத்தில் சொல்லப்படுகிறது. எல்லாம் கூடினால் நூறு. மாதச் சம்பளம் மாறாத வீட்டில் வாடகை ஏறினால் மற்றதெல்லாம் இறங்கத்தான் வேண்டும். வாடகைக்கும் பால் கணக்குக்கும் ஏதோ பகை என்று அதற்கு அர்த்தமில்லை. விகிதங்களை ஒப்பிட்டால் பொய்யான உறவுகள் முளைக்கும் என்று கார்ல் பியர்சன் 1897லேயே எச்சரித்தார். பாறைகளுக்கு அது எப்படிப் பொருந்தும் என்று ஃபெலிக்ஸ் சேய்ஸ் 1960இல் விளக்கினார். ஜான் ஐட்சிசன் 1980களில் சதவிகிதங்களை நேரடியாக ஒப்பிடாமல் ஒன்றுக்கொன்று விகிதமெடுத்து, அதன் மடக்கையை ஒப்பிடும் வழியைக் கொடுத்தார். வழி கிடைத்து இத்தனை வருடமாகியும், சதவிகிதத்தை அப்படியே கட்டத்தில் போடும் பழக்கம் மறைந்துவிடவில்லை. மனிதர்கள் வசதியான தவறை விடுவதில்லை.

இனம் பிரிக்கும் கணக்கு என்றால் அதிலும் நமக்குப் பாத்தியதை உண்டு. பி.சி.மகலனோபிஸ் 1920களில் கல்கத்தா ஆங்கிலோ-இந்தியர்களின் உடல் அளவுகளை வைத்துத் தொடங்கிய ஆராய்ச்சி, இரண்டு கூட்டங்களுக்கு இடையே உள்ள தூரத்தைப் பல அளவுகளின் வழியே கணக்கிடும் சூத்திரத்தில் முடிந்தது. அவருடைய மாணவராக வந்த சி.ஆர்.ராவ் 1948இல், பல கூட்டங்களில் ஒரு ஆளை எதில் சேர்ப்பது என்ற கேள்விக்குப் பொதுவான விடை கொடுத்தார். அன்றைய சென்னை மாகாணத்தின் பெல்லாரி ஜில்லா, ஹூவின ஹடகலியில் பிறந்தவர். 2023இல் 102 வயதில் அமெரிக்காவில் காலமானார். ஹைதராபாத் பல்கலைக்கழக வளாகத்தில் அவர் பெயரில் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, கச்சிபௌலி பக்கம் ஒரு சாலையும் இருக்கிறது. அந்தச் சாலையில் காலை நெரிசலில் நிற்கிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியும் என்பது தனிக் கருத்துக்கணிப்புக்கு உரிய விஷயம். மனிதர்களைத் தலை அளவும் மூக்கு அளவும் எடுத்துப் பிரிப்பதற்காகப் பிறந்த கணக்கு, கற்களைப் பிரிக்கப் போனதில் எனக்குச் சந்தோஷமே. கல் கோபித்துக்கொள்வதில்லை.

அந்தக் கணக்கு அபாரமாக வெற்றி பெற்ற இடமும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் தக்காணப் பசால்ட் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறது. ஒவ்வொரு படுகையும் அடுத்ததைப் போலவே இருக்கும். 1980களில் ஜான் மஹோனி, கே.வி.சுப்பாராவ் போன்றவர்கள் உள்பட இந்திய, பிரிட்டிஷ், அமெரிக்க விஞ்ஞானிகள் மலைப்பாதை மலைப்பாதையாக ஏறி, படுகை படுகையாகக் கல் எடுத்து, ரசாயனத்தை வைத்து அவற்றை அடுக்குகளாகப் பிரித்தார்கள். கண்டாலா, புஷே, போலாத்பூர், அம்பேனளி, மகாபலேஷ்வர் என்று ஊர்ப் பெயர்களாகவே வைத்தார்கள். புஷே கண்டத்துப் பாறையை நிறையக் கரைத்துக் குடித்தது, அம்பேனளி அவ்வளவாகக் குடிக்காதது. இதன் பலனாக ஒரு ஆச்சரியம் வெளிவந்தது. ராஜமுந்திரிக்கு அருகே கோதாவரிக் கரையில், தக்காணப் பசால்ட்டின் பிரதேசத்திலிருந்து வெகுதூரம் விலகி, ஒரு சின்னத் திட்டாக எரிமலைப் பாறை இருக்கிறது. அதன் ரசாயனம் அம்பேனளி, மகாபலேஷ்வர் அடுக்குகளோடு ஒத்துப்போகிறது. வயதும் ஒத்துப்போகிறது, காந்தப் பதிவும் ஒத்துப்போகிறது. மேற்கு மலையில் கிளம்பிய குழம்பு பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகள் வழியே ஆயிரம் கிலோ மீட்டர் ஓடி வங்கக் கடலோரம் வந்து சேர்ந்ததாகவும், பூமியில் நமக்குத் தெரிந்த மிக நீளமான எரிமலை ஓட்டம் இதுவாகவே இருக்கலாம் என்றும் 2008இல் ஸ்டீபன் செல்ஃப் குழுவினர் எழுதினார்கள்.

தக்காணத்தில் பலித்த வித்தை கத்வாலில் ஏன் தடுமாறுகிறது? தக்காணத்தில் ரசாயனம் தனியாகச் சாட்சி சொல்லவில்லை. மலை ஏறிப் பார்த்தால் எது மேலே, எது கீழே என்று கண்ணுக்குத் தெரியும். ரசாயனம் சொன்னதை மலை திருத்தும். கத்வாலில் அந்த அடுக்குகள் மடங்கி, நசுங்கி, செங்குத்தாகத் திரும்பி, பாதி கிரானைட்டில் தொலைந்து கிடக்கின்றன. கத்வால் விஞ்ஞானிகள் சொல்வது தவறு என்று நான் நினைக்கவில்லை. 2018இல் கெல்லரும் ஷோனும் மறுபடி தங்கள் களஞ்சியத்தைக் குடைந்து, தட்டு அமிழும் இடத்துப் பசால்ட்டின் சாயல் பழைய ஊழியிலும் ஏறக்குறைய இன்றைய விகிதத்தில் இருந்திருக்கிறது என்று எழுதியபோது கத்வால் பக்கத்துக்குத் தெம்பு கூடியது. ஆனால் ஒரு கட்டத்தில் விழுந்த புள்ளிகளை வைத்து ஒரு பெருங்கடலையே எழுப்புவதற்கு முன், அந்தப் புள்ளிகள் வேறெங்கும் விழுந்திருக்க முடியாது என்பதும் காட்டப்பட வேண்டும். அதற்கு இன்னும் நிறையக் கல் வேண்டும்.

நிறையக் கல் என்றால் வெறும் கல் போதாது, விலாசமுள்ள கல். கெல்லர்-ஷோன் முறையில் எடை போட ஒவ்வொரு மாதிரிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, வயது தேவை. இன்ன கிராமத்துக்கு வடகிழக்கே என்று மட்டும் எழுதி, தபால் தலை அளவுப் படத்தில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்து விட்ட பழைய மாதிரி, எவ்வளவு நேர்த்தியாக அளக்கப்பட்டிருந்தாலும் இந்த வாக்காளர் பட்டியலில் ஏறுவது கஷ்டம். அளவின் நேர்த்தி என்பதும் நம்பிக்கையில் எடுத்துக்கொள்ளும் விஷயம் இல்லை. 1951இல் அமெரிக்கப் புவியியல் துறை ஒரே கிரானைட்டையும் ஒரே கரும்பாறையையும் பொடித்துப் பல ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பியதன் முடிவுகளை வெளியிட்டது. ஒரே பொடிக்கு ஆளுக்கொரு விடை. அன்று முதல்தான் ஊரறிந்த மாதிரிப் பொடிகளைப் பக்கத்தில் வைத்து அளக்கும் ஒழுங்கு வந்தது. இப்போதெல்லாம் கல்லை அகேட் உரலில் மாவாக்கி, டெஃப்லான் குப்பியில் அமிலத்தில் கரைத்து, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் செலுத்தும்போது அந்த மாதிரிப் பொடியும் கூடவே போகிறது.

கல் எவ்வளவு நாள் அங்கே இருக்கும் என்பது இன்னொரு கவலை. பழைய எரிமலைப் பாறைகள் கிடக்கும் பச்சைக்கல் பட்டைகள் அகலம் குறைந்தவை. பல இடங்களில் சில கிலோ மீட்டர்தான். கடலடியில் பிறந்த எரிமலைப் பாறைகளில் பெரும்பகுதி 20 கோடி வருடத்துக்குள் மறுபடி மாண்டிலுக்குள் போய்விடுவதால், அதற்கு முந்திய ஊழிகளுக்குக் கண்டங்களில் சிக்கிய இந்தப் பட்டைகளே மிச்சமிருக்கும் வாக்காளர்கள். கர்நாடகத்தில் சித்ரதுர்கா அருகே மரடிஹள்ளியில், தண்ணீருக்கடியில் தலையணை தலையணையாக உறைந்த குழம்பைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். அந்தப் பாக்கியம் எல்லாக் கல்லுக்கும் இல்லை. ஹைதராபாத்தைச் சுற்றி கிரானைட் குன்றுகள் ஜல்லியாகி லாரி ஏறிய வேகத்தைப் பார்த்துத்தான் 1996இல் இங்கே பாறைகளைக் காக்க ஒரு சங்கமே தொடங்கினார்கள். கிரானைட்டாவது நிறைய இருக்கிறது. கத்வால் பக்கத்தில் கரும்பச்சைக் கல் தெரியும் ஒரு சின்ன மேடு அடுத்த தார் ரோட்டுக்கு அடியில் போய்விட்டால், அந்த இடத்திலிருந்து ஏற்கனவே ஒரு கல் எடுக்கப்பட்டிருக்கிறதா, அதன் பை மேல் இடம் எழுதியிருக்கிறதா என்பது மட்டுமே பாக்கி.